வீட்டுக் கூண்டுக்கு ஃபிஞ்ச் வாங்கப் போகிறீர்களா? திருநெல்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதல் தடவை நான் ஆறு ஃபிஞ்ச் குருவிகள் வாங்கினேன். ஒன்பதாம் நாள் இரண்டுதான் உயிரோடு இருந்தன. இரண்டு நாளைக்கு ஒரு தடவை, காலையில் கூண்டுத் தரையில் ஒன்று மல்லாந்து கிடக்கும். கட்டைவிரல் அளவு உடம்பு, கையில் எடுத்தால் கனமே தெரியாது. என் மகள் அழுததை இன்னும் மறக்க முடியவில்லை.

பிறகுதான் புரிந்தது, நான் வாங்கிய நேரம், வாங்கிய இடம், பார்த்த விதம் மூன்றுமே தப்பு. சாயங்காலம் ஏழு மணிக்கு, டியூப்லைட் வெளிச்சத்தில், கடைக்காரர் வலையை விட்டுப் பிடித்துக் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்துவிட்டேன். அப்புறம் பேட்டையில் பல வருஷமாக ஃபிஞ்ச் வளர்க்கும் ஒரு அண்ணாச்சியின் அறிமுகம் கிடைத்தது. இங்கே எழுதுவதில் பாதி அவர் சொல்லிக் கொடுத்தது. மீதி, பறவைகளைப் பறிகொடுத்து நானே கற்றுக்கொண்டது.

1. முதலில் கூண்டு, பிறகுதான் பறவை

பறவையை வாங்கி வந்து அட்டைப்பெட்டியில் வைத்துக்கொண்டு கூண்டுக்கு அலையாதீர்கள். கூண்டு வந்து, கழுவி, காய்ந்து, ஒரு வாரம் சும்மா நின்ற பிறகு பறவை வாங்கப் போங்கள்.

ஃபிஞ்ச் மேலும் கீழும் ஏறாது, பக்கவாட்டில் பறக்கும். அதனால் உயரத்தைவிட நீளம் முக்கியம். மூன்று ஜோடிக்கு 6 அடி நீளம், 3 அடி அகலம், 6 அடி உயரம் தாராளமாகப் போதும். நான் பாளையங்கோட்டையில் ஒரு வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்தேன். கம்பிவலை, சட்டம், கூலி எல்லாம் சேர்த்து 14,000 ரூபாய் ஆனது. இரண்டு நாளில் தருகிறேன் என்றார்கள், பன்னிரண்டு நாள் ஆனது. இந்தத் தாமதத்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலைக் கண் அரை அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஒரு அங்குல வலையில் ஃபிஞ்ச் சுலபமாக நுழைந்து போய்விடும். அடியில் இரண்டு அடி உயரத்துக்குக் கால் அங்குல வலையோ தகடோ அடியுங்கள். சுண்டெலியும் குட்டிப் பாம்பும் அரை அங்குலக் கண்ணுக்குள் வந்துவிடும். கதவு சின்னதாகவும் தாழ்வாகவும் இருக்கட்டும். பயந்த பறவை மேல் நோக்கித்தான் பறக்கும் என்பதால், கீழே இருக்கும் கதவு வழியாகத் தப்புவது குறைவு. துத்தநாகம் பூசிய புது ஜி.ஐ. கம்பிவலையில் துத்தநாகத் துகள் ஒட்டியிருக்கும், அது பறவைக்கு விஷம். வினிகர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காய விடுங்கள்.

இடம் விஷயத்தில் நம் ஊருக்கென்று ஒரு சிக்கல் உண்டு, மேல்காற்று. ஆனி, ஆடியில் தட்டட்டியில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், துணி காயப்போட்டால் கொடியோடு பிய்த்துக்கொண்டு போகிற காற்று. நாள் முழுக்க அந்தக் காற்றில் உட்கார்ந்தால் ஃபிஞ்ச் தாங்காது. மேற்குப் பக்கம் சுவரை ஒட்டி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்தைத் தகடு போட்டு அடையுங்கள். கிழக்கே திறந்திருந்தால் இளவெயில் கிடைக்கும். மேலே பாதிக்குக் கூரை கட்டாயம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கும் சரி, சித்திரை வெயிலுக்கும் சரி, ஒதுங்க ஒரு இடம் வேண்டும்.

எறும்பை யாரும் சொல்ல மாட்டார்கள். கூண்டின் நான்கு காலையும் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் நிறுத்துங்கள். நான் நிறுத்தாமல் விட்டு, பொரித்து இரண்டு நாளான குஞ்சுகளை ஒரே ராத்திரியில் இழந்தேன்.

2. எந்த ஃபிஞ்ச்?

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஜீப்ரா ஃபிஞ்ச் வாங்குங்கள், அல்லது பெங்காலி ஃபிஞ்ச். இரண்டும் தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தவை. நம் வெக்கையைத் தாங்கும், தினை தின்று பிழைத்துக்கொள்ளும், சீக்கிரம் முட்டையிடும். நான் கடைசியாக வாங்கியபோது ஜீப்ரா ஜோடி 500 ரூபாய், பெங்காலி 700 ரூபாய்.

கோல்டியன் ஃபிஞ்சின் சிவப்பு, பச்சை, ஊதாவைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். வேண்டாம், ஒரு வருஷமாவது பொறுங்கள். விலையும் பல மடங்கு, மூச்சுப்பையில் பேன் (உள்ளே ஒட்டி வாழும் நுண்ணிய பூச்சி) வந்து சாவதும் அதில்தான் அதிகம். ஜாவா குருவி வேண்டுமென்றால் அதற்குக் காகித வேலை இருக்கிறது, அடுத்த தலைப்பில் சொல்கிறேன்.

ஒரு ஜோடி வாங்குங்கள், அல்லது மூன்று ஜோடி வாங்குங்கள். இரண்டு ஜோடியை ஒரே கூண்டில் விட்டால், ஒன்று மற்றொன்றை விரட்டிக்கொண்டே இருக்கும். மூன்றானால் சண்டை சிதறிவிடும். கடையில் லவ் பேர்ட்ஸையும் ஃபிஞ்சையும் ஒரே கூண்டில் போட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து நீங்களும் சேர்த்து விடாதீர்கள். லவ் பேர்ட்ஸ் கடித்தால் ஃபிஞ்சின் கால் முறிந்துவிடும்.

3. சட்டமும் சாயமும்

"கலர் ஃபிஞ்ச்" என்று ஒன்றை யாராவது காட்டினால் அங்கிருந்து நகர்ந்துவிடுங்கள்.

ஒருமுறை ஒருவர் பச்சையும் ரோஸுமாக நான்கு பறவை வைத்திருந்தார். வெளிநாட்டு வகை என்றார், ஜோடி 300. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று தண்ணீர்க் கிண்ணத்தில் இறங்கிக் குளித்தது. இறக்கையை இரண்டு தடவை சிலுப்பியதும் தண்ணீர் ரோஸ் நிறமானது. பறவையின் வயிற்றில் சாயம் கரைந்த இடத்தில், பழுப்புச் செதில் செதிலாகப் புள்ளி தெரிந்தது. நம் வயக்காட்டில் நெற்கதிரில் தொங்கும் புள்ளிச் சில்லை அது.

சிவப்புச் சில்லை, புள்ளிச் சில்லை, கருந்தலைச் சில்லை, வெண்தொண்டைச் சில்லை இவை எல்லாம் நம் நாட்டுக் காட்டுப் பறவைகள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி இவற்றைப் பிடிப்பதும் விற்பதும் வாங்கி வைத்திருப்பதும் குற்றம். விற்றவரோடு வாங்கியவரும் மாட்டுவார். வலையில் சிக்கி, சாயத்தில் முக்கி எடுக்கப்பட்ட அந்தப் பறவை அதிக நாள் இருக்கவும் இருக்காது.

பெங்காலி என்று சொல்லிச் சில்லையைத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. பெங்காலியில் பெரும்பாலும் வெள்ளைத் திட்டு அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும், பறவைக்குப் பறவை மாறும். ஆள் பக்கத்தில் போனாலும் அவ்வளவாகப் பதறாது. நான்கும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே நிறமாக இருந்து, நீங்கள் கிட்டப் போனதும் வலையில் போய் மோதிக்கொண்டால், அவை காட்டிலிருந்து வந்தவை என்று சந்தேகப்படுங்கள்.

ஜீப்ரா, பெங்காலிக்கு நீங்கள் எந்தப் பதிவும் செய்ய வேண்டியதில்லை. ஜாவா குருவி அப்படி இல்லை. அது, காட்டு உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால், 2022இல் திருத்திய நம் சட்டத்தின் நான்காம் அட்டவணைக்குள் வந்துவிட்டது. 2024இல் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பித்துப் பதிவு செய்ய வேண்டும். கை மாறினாலும் குஞ்சு பொரித்தாலும் செத்துப் போனாலும் அதையும் தெரிவிக்க வேண்டும். ஜாவா விற்பவரிடம் அவருடைய பதிவுச் சான்றைக் கேளுங்கள். "அதெல்லாம் யாரும் கேக்க மாட்டாங்க" என்று பதில் வந்தால் வாங்காதீர்கள்.

4. எப்போது வாங்குவது

பொங்கல் கழிந்து தை, மாசியில் வாங்குங்கள். மழை ஓய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது, மேல்காற்றும் தொடங்கியிருக்காது. சித்திரை வெக்கை வருவதற்குள் பறவை உங்கள் வீட்டுக்குப் பழகிவிடும். மார்கழியிலேயே கூண்டுக்குச் சொல்லிவிட்டால் கணக்குச் சரியாக வரும். நான் முதல் தடவை வாங்கியது சித்திரைக் கடைசியில்.

நாளில் காலை எட்டு மணி நல்லது. சூரிய வெளிச்சத்தில் பறவையைப் பார்க்கலாம், வீட்டுக்கு வந்த பிறகு தண்ணீரும் தீனியும் எங்கே என்று கண்டுபிடிக்க அதற்கு முழுப் பகலும் இருக்கும். சாயங்காலம் வாங்கினால் வெறும் வயிற்றோடு ஒரு ராத்திரி போகும். இத்தனூண்டு உடம்பு பட்டினியைத் தாங்காது.

5. யாரிடம் வாங்குவது, என்ன கேட்பது

கடையைவிட வீட்டில் வளர்ப்பவர் நல்லது. கடையில் பல ஊர்ப் பறவைகள் ஒரே கூண்டில் சேர்வதால், ஒன்றின் சீக்கு எல்லாவற்றுக்கும் ஒட்டும். வளர்ப்பவரிடம் போனால் தாய் தகப்பனையே பார்க்கலாம். திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தென்காசிப் பக்கமெல்லாம் வீட்டு மாடியில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். புறா வளர்ப்பவர்களிடம் விசாரித்தால் வழி காட்டிவிடுவார்கள்.

கடையில்தான் வாங்குவது என்றால், மாநில விலங்கு நல வாரியத்தில் கடையைப் பதிவு செய்த சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2018ஆம் ஆண்டின் செல்லப்பிராணிக் கடை விதிகள்படி அது கட்டாயம். பறவையின் வகை, எண்ணிக்கை, தேதி போட்டு பில் வாங்குங்கள். வளர்ப்பவரிடம் வாங்கினால் ஒரு தாளில் இதையே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். காலில் மூடிய வளையம் இருந்தால் அதன் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். அந்த வளையத்தைக் குஞ்சாக இருக்கும்போது மட்டுமே மாட்ட முடியும், கூண்டில் பிறந்தது என்பதற்கு அதுவே அத்தாட்சி.

கேட்க வேண்டியவை: எந்த மாதம் பொரித்தது? அண்ணன் தங்கையா, வேறு வேறு ஜோடியின் குஞ்சா? இப்போது என்ன தீனி போடுகிறீர்கள்? கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள், அதே தீனியில் அரைக் கிலோ கேட்டு வாங்கி வாருங்கள்.

6. கூண்டுக்கு முன்னால் கால் மணி நேரம்

இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பேட்டை அண்ணாச்சி என்னிடம் சொன்னது:

"பாத்தவுடனே காசு குடுத்திராதீங்கம்மா. ஒரு ஸ்டூலப் போட்டு உக்காருங்க. உங்களப் பாத்த பயம் போன பொறவுதான் சீக்குக் குருவி சீக்கக் காட்டும்."

அது அத்தனை உண்மை. ஆளைக் கண்டதும் நோயாளிப் பறவையும் இறகை ஒடுக்கி, நிமிர்ந்து, நல்லா இருக்கிற மாதிரி நிற்கும். தளர்ந்திருப்பதைக் காட்டினால் வல்லூறு தூக்கிவிடும் என்பது அதன் இரத்தத்தில் ஊறியது. நீங்கள் ஐந்து நிமிஷம் அசையாமல் உட்கார்ந்தால் நடிப்பு தளரும். பத்தாவது நிமிஷம் பாருங்கள். நல்ல பறவை கிளைக்குக் கிளை தாவும், தீனிக்கு இறங்கும், அலகைத் தேய்க்கும், பக்கத்துப் பறவையைக் கொத்தும். சீக்கானது பந்து மாதிரி உப்பிக்கொண்டு, பகலிலேயே கண்ணை மூடி மூடித் திறக்கும். நல்ல பறவை அயர்ந்து தூங்கும்போது பெரும்பாலும் ஒற்றைக் காலில் நிற்கும். இரண்டு காலையும் ஊன்றி, உப்பிக்கொண்டு தூங்கினால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

வாலைப் பாருங்கள். மூச்சு விடும்போதெல்லாம் வால் மேலும் கீழும் ஆடினால் மூச்சுக் கோளாறு. காதைக் கொடுங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, 'டிக் டிக்' என்று மெல்லிய சத்தம் வந்தால் மூச்சுப்பைப் பேனாக இருக்கலாம். அந்தக் கூண்டில் எந்தப் பறவையையும் வாங்காதீர்கள், பக்கத்தில் நல்லா இருக்கிற பறவையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தரையைப் பாருங்கள். எச்சம் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டியாக இருக்க வேண்டும். பச்சைத் தண்ணியாகத் தெறித்திருந்தால் வேண்டாம்.

தலையில் மட்டும் சொட்டையாக இருந்தால் அது கூட்டாளி பிடுங்கியதாக இருக்கும். நெரிசல் குறைந்தால் முளைத்துவிடும், அதற்காக நல்ல பறவையை ஒதுக்க வேண்டாம்.

7. கையில் பிடித்துப் பார்ப்பது

தேர்ந்தெடுத்த பிறகு ஒவ்வொன்றாகப் பிடித்துத் தரச் சொல்லுங்கள். பறவையின் முதுகு உள்ளங்கையில் படியட்டும், கழுத்து ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே வரட்டும். நெஞ்சை அழுத்தவே கூடாது. பறவைக்கு நெஞ்சு ஏறி இறங்கினால்தான் மூச்சு. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே போய்விடும்.

இன்னொரு கையின் விரல் நுனியால் நெஞ்சின் நடு எலும்பை மெல்லத் தடவுங்கள். இரண்டு பக்கமும் சதை மேடாக இருந்து, நடுவில் எலும்பு லேசாகத் தட்டுப்பட்டால் நல்லது. எலும்பு கத்தி விளிம்பு மாதிரி துருத்தி, இரண்டு பக்கமும் பள்ளமாக இருந்தால் உள்ளே நோய் இருக்கிறது. செத்துப்போன என் நான்கு பறவைக்கும் அப்படித்தான் இருந்தது. வெளியே இறகு மூடியிருந்ததால், தொட்டுப் பார்க்காத எனக்குத் தெரியவில்லை.

அப்படியே வயிற்றுப் பக்கம் இறகை ஊதி விலக்குங்கள். ஆசனவாயைச் சுற்றி எச்சம் ஒட்டியிருக்கக் கூடாது. கண் தெளிவாக, ஈரம் வழியாமல் இருக்க வேண்டும். மூக்குத் துளை அடைத்திருக்கக் கூடாது. மேல் அலகும் கீழ் அலகும் பொருந்த வேண்டும். விரல்களை எண்ணுங்கள், முன்னால் மூன்று, பின்னால் ஒன்று. விரல் குறைந்த ஆண் பறவை இணை சேரும்போது பிடிமானம் இல்லாமல் வழுக்கும், முட்டை கூமுட்டையாகும்.

பறவை ஒன்றுக்கு ஒரு நிமிஷம் போதும். அதற்கு மேல் கையில் வைக்காதீர்கள்.

8. ஆண், பெண், வயது

சாம்பல் நிற ஜீப்ராவில் குழப்பமே இல்லை. ஆணுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, நெஞ்சில் கறுப்புக் கோடு, விலாவில் வெள்ளைப் புள்ளி வைத்த செம்பழுப்பு. பெண்ணுக்கு இவை இல்லை. வெள்ளை ஜீப்ராவில் அலகுதான் அடையாளம். ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு. பெங்காலியில் உருவத்தை வைத்துச் சொல்லவே முடியாது. தொண்டையை உப்பிப் பாடுவது ஆண். பாடும்வரை காத்திருந்து, அதைத் தனியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.

அலகு கறுப்பாக இருக்கும் ஜீப்ரா குஞ்சை வாங்காதீர்கள். தானாகத் தின்னப் பழகியிருக்காது. மூன்று, நான்கு மாதப் பறவைதான் வாங்கத் தோதானது. கால் செதில் வழுவழுப்பாக இருந்தால் இளசு. செதில் தடித்து, நகம் வளைந்திருந்தால் வயதானது.

9. வீட்டுக்குக் கொண்டுவருவது

கம்பிக் கூண்டில் போட்டு பைக்கில் தொங்கவிட்டுக் கொண்டு வராதீர்கள். காற்றும் இரைச்சலும் பட்டுப் பாதி உயிர் போய்விடும். செருப்புப் பெட்டி அளவு அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் தாளும் ஒரு பிடி தினையும் போட்டு, ஒரு பெட்டிக்கு ஒரு ஜோடி வையுங்கள். உள்ளே இருட்டாக இருந்தால் அமைதியாக இருக்கும். பஸ்ஸில் வந்தால் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், என்ஜின் பக்கம் வேண்டாம்.

10. முதல் முப்பது நாள்

முதல் முறை வாங்குகிறவர்களும் உடனே பெரிய கூண்டில் விடாதீர்கள். இரண்டடிக் கூண்டில், வீட்டுக்குள், கண் படும் இடத்தில் முப்பது நாள் வையுங்கள். பெரிய கூண்டில் ஒன்று சாப்பிடாமல் இருந்தால் கண்டுபிடிக்க முடியாது. அந்த அறையில் கொசுவர்த்தி, சாம்பிராணிப் புகை கூடாது. ஒட்டாத தோசைக்கல் அதிகம் காய்ந்தால் வரும் புகையும் பறவையைக் கொல்லும், அடுக்களைப் பக்கம் வைக்காதீர்கள்.

தீனியில் ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. ஃபிஞ்ச் தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே போடும். மேலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருக்கும், உள்ளே ஒரு மணி இருக்காது. தினமும் காலையில் உமியை ஊதிவிட்டுப் புதுத் தினை போடுங்கள். முதல் வாரம் பழைய இடத்துத் தீனியையே போட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தினை, சாமை, குதிரைவாலி என்று கலந்துகொள்ளலாம். உமியோடு இருக்கும் தானியம் வாங்குங்கள், சமையலுக்குத் தீட்டியது வேண்டாம். மூன்று ஜோடிக்கு எனக்கு மாதம் இரண்டு கிலோ ஆகிறது. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. தூத்துக்குடிக்குப் போகிறவர்களிடம் சொல்லி வையுங்கள். வெந்நீரில் கொதிக்க வைத்துக் காயவைத்த முட்டை ஓடும் ஆகும். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, கொத்தமல்லி.

ஒன்று உப்பிக்கொண்டு உட்கார்ந்தால், மருந்துக்கடையில் கேப்சூல் வாங்கித் தண்ணீரில் கலக்காதீர்கள். பன்னிரண்டு கிராம் உடம்புக்கு அளவு நாம் போட முடியாது. இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கொண்டு போங்கள். கூண்டில் விரித்த தாளை எச்சத்தோடு மடித்துக் கையில் எடுத்துக்கொண்டால் டாக்டருக்கு உதவும்.

முட்டைக்குப் பானையை இப்போது வைக்க வேண்டாம். பானையைக் கண்டால் வந்த வாரமே முட்டையிடும், இளம் பெட்டைக்கு முட்டை உள்ளே சிக்கி உயிர் போகும். பறவைக்கு எட்டு, ஒன்பது மாத வயது ஆகட்டும். பிறகு காருக்குறிச்சி மண்கலயம் ஜோடிக்கு இரண்டாகக் கட்டுங்கள், மூன்று ஜோடிக்கு ஆறு. எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் மேலே இருப்பதற்கு அடித்துக்கொள்ளும். தேங்காய் நாரைச் சின்னச் சின்னதாக வெட்டிப் போடுங்கள், நீள நார் காலில் சுற்றிக்கொள்ளும்.

முப்பத்தோராம் நாள் காலையில் சின்னக் கூண்டைப் பெரிய கூண்டுக்குள் வைத்து, கதவைத் திறந்துவிட்டு விலகி நில்லுங்கள். கையால் பிடித்து விடாதீர்கள். என் ஜோடி வெளியே வர நாற்பது நிமிஷம் ஆனது. முதலில் ஆண் வந்து கொய்யாக்கிளையில் உட்கார்ந்து கூப்பிட்டது, அப்புறம் பெண் வந்தது. தீனியையும் தண்ணீரையும் இரண்டு நாளைக்குச் சின்னக் கூண்டிலும் வையுங்கள், பெரிய கூண்டிலும் வையுங்கள்.